யாரும் உட்காராத மேஜை

"அம்மா எங்க வேலை செய்றாங்கன்னு யாராவது கேட்டா, பேங்க்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. புரியுதா?"

பள்ளிக்கூட வாசலில் மகளின் ரிப்பனைச் சரிசெய்தபடி சொன்னாள் கமலவேணி. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் கார்குழலி தலையாட்டினாள்.

புதுச்சேரியில் நெல்லித்தோப்பை ஒட்டிய அந்த அரசுப் பள்ளியில் அன்று 'எதிர்கால வழிகாட்டி நாள்'. மைதானத்தில் பந்தல். 'எல்லாத் தொழிலும் சமம்' என்று பெரிய பேனர். அதன் கீழே, ஃபேனுக்கு நேராக, டாக்டருக்கு ஒரு மேஜை. அடுத்து இன்ஜினீயர், வக்கீல், போலீஸ். துப்புரவுத் தொழிலாளியின் மேஜையை மட்டும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம், வெயிலில் போட்டிருந்தார்கள். சமத்துவம் பந்தலோடு முடிந்துவிட்டது.

"உங்களுக்குப் பிடிச்ச மேஜைக்கு முன்னால உட்காருங்க. சந்தேகம் கேளுங்க. கடைசியில அந்த விருந்தினருக்கு நீங்களே பொன்னாடை போர்த்தணும்" என்றார் ஹேமலதா டீச்சர்.

"பிரான்சுக்குப் போறவங்க எந்த மேஜை டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். பந்தலே சிரித்தது.

டாக்டர் விஜயராகவன் மைக்கை வாங்கினார். "என் முன்னாடி கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேக்குறவங்கள்ல ரெண்டு பேரோட நீட் கோச்சிங் செலவு என்னோடது."

இதற்காகத்தான் கமலவேணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். குழலிக்குச் சின்ன வயதிலிருந்தே டாக்டர் கனவு.

முதல் வரிசையில் குழலி, பக்கத்தில் அவள் வகுப்பு விக்ரம். குழலி கேட்ட முதல் கேள்விக்கே டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உன் பேரு என்னம்மா?"

பெற்றோர் வரிசையில் கமலவேணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

ஆனால் குழலி திரும்பித் திரும்பி சைக்கிள் ஸ்டாண்டையே பார்த்தாள். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் விரித்த பாயில் ஒரு பிள்ளைகூட இல்லை.

திடீரென்று எழுந்தாள். நேராகப் போய் அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

கமலவேணி ஓடினாள். "ஏய், உனக்கென்ன பைத்தியமா? எழுந்து வாடி!"

"பிடிச்ச மேஜைன்னுதானம்மா டீச்சர் சொன்னாங்க?"

"இதுவாடி உனக்குப் புடிச்சிது?"

அந்த மனிதரே பதறினார். அவர் பெயர் முருகையன். "போ பாப்பா, அம்மா கூப்புடுறாங்கல்ல. மேஸ்திரி போகச் சொன்னாருன்னு வந்தேன், அவ்ளோதான்."

ஹேமலதா டீச்சரும் வந்து குனிந்து கிசுகிசுத்தார். "குழலி, இந்த மேஜை சும்மா ஒரு மரியாதைக்குப் போட்டதும்மா. நெஜமாவே வந்து உட்காருவாங்களா?"

குழலி அசையவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் டாக்டர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். விக்ரம். இன்னொருத்தி சிந்துஜா. டாக்டருக்குப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டல் ஓயவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் குழலி போர்த்திய துண்டுக்குக் கைதட்ட ஆளில்லை. முருகையன் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது கமலவேணி பொரிந்து தள்ளினாள்.

"கைக்கு வந்தத தூக்கிப் போட்டுட்டியேடி! அந்த விக்ரமு கெட்டியா உட்கார்ந்து வாங்கிட்டான் பாரு. அந்தாளு உனக்கு என்ன, மாமனா மச்சானா?"

"அவரு விக்ரமோட அப்பாம்மா."

கமலவேணி நின்றுவிட்டாள்.

"என்னது? பெத்தவன் வெயில்ல குந்தியிருக்கான், புள்ள ஃபேன் காத்து வாங்கினு இருக்கானா? ஒரு தடவ திரும்பிக்கூடப் பாக்கலியே! என்ன ஜென்மம்டி அவன்?"

"அவன் எழுந்துக்கப் பாத்தாம்மா. அவங்கப்பாதான் தூரத்துலேருந்து வராதன்னு கைகாட்டினாரு. நேத்தே சொல்லிட்டாராம், என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதன்னு. அவன் என் பக்கத்துல உட்கார்ந்து அழுதுட்டு இருந்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்கு உன் படிப்ப விட்டுட்டுப் போவியா?"

குழலியின் குரல் இறங்கிவிட்டது. "தெரியலம்மா. செஞ்சது சரியா தப்பான்னே தெரியல."

கமலவேணிக்கு ஆறவில்லை. "செய்யுற வேலைக்குக் கூச்சப்பட்டு, பெத்த புள்ளையையே பொய்யா நடிக்கச் சொல்லுவானா ஒருத்தன்? அவன் என்ன மாதிரி அப்பன்டி?"

குழலி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேங்க்ல தரை துடைக்கிறத வெளிய சொல்லாதன்னு காலைல வாசல்ல நீ சொன்னல்லம்மா, அந்த மாதிரி."