பதினொன்று பத்துக்கு நிற்கும் புள்ளி

சரியாகப் பதினொன்று பத்துக்கு, மந்தைவெளியின் அந்தக் குறுக்குச் சந்தில், செல்போனில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளி நின்றது.

ஃபைசான் தலையைத் தூக்கினான். எதிரே அக்பர் பாஷாவின் காய்கறி வண்டியும் நின்றிருந்தது.

அட கஷ்டகாலமே! அப்படியென்றால் புள்ளியில் தப்பே இல்லை. வண்டியேதான் நிற்கிறது.

காய்கறி வண்டி இப்போது எந்தத் தெருவில் வருகிறது என்று செல்போனில் காட்டும் செயலி அது. செய்தவர்கள் இரண்டே பேர். ஃபைசானும், கல்லூரியிலிருந்து கூடவே இருக்கும் தாரணியும். அலுவலகம் என்று பெயருக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை.

திங்கட்கிழமைதோறும் சுவரில் சீட்டு ஒட்டி வேலையைப் பிரிப்பார்கள். சிவப்புச் சீட்டு என்றால் பக், சரிசெய்ய வேண்டிய கோளாறு. மஞ்சள், வாடிக்கையாளர்கள் கேட்கும் புது வசதி. கொசுறுக் கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு பட்டன் வேண்டும் என்று ஒரு புண்ணியவதி கேட்டிருந்தாள். அந்தச் சீட்டு மூன்று மாதமாக மாவு படிந்து தொங்குகிறது.

சிவப்பில் முதல் சீட்டு இந்தப் புள்ளிதான். 'வண்டி தினமும் இருபது நிமிடம் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறது.' இதுவரை இருபத்துமூன்று புகார்கள். வண்டி போய்ச் சேர்வதற்குள் அடுத்த தெருக்காரர்கள் குழம்பைக் கொதிக்கவிட்டு இறக்கியே விடுகிறார்கள். முந்நூறு பேர் வைத்திருந்த செயலியை இப்போது நூற்றைம்பது பேர்தான் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் மூடிவிட்டு, கிண்டியில் ஏதாவது கம்பெனி வாசலில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான்.

இந்தத் தாரணியோ, ஒவ்வொரு திங்களும் அந்தச் சீட்டைப் பிய்த்து, 'அப்புறம்' என்று எழுதிய மூலையில் ஒட்டிவிடுவாள்.

"அபார்ட்மெண்டெல்லாம் சிக்னலை மறைக்குதுடா. அது நம்ம கையில இல்ல, விடு."

அவள் கெட்டிக்காரி. புரோகிராம் எழுதுவதில் அவனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அதனால் நம்பினான். ஆனால் எத்தனை நாள்தான் நம்புவது? நேற்று இருவருக்கும் வாய்ச்சண்டையே வந்துவிட்டது. இன்று அவளிடம் மூச்சுவிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே பார்க்க வந்துவிட்டான்.

பாஷா பாயை நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகத்தில் சந்தின் குறுக்கே நடந்தவன், பாதியில் சடாரென்று ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

வண்டியை ஒட்டியிருந்த ஜன்னல் கம்பிக்குள் ஒரு அம்மாள். கையை வெளியே நீட்டி ஒரு கத்திரிக்காயை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

சண்முகவடிவு அம்மா. தாரணியைப் பெற்றவர். கல்லூரி நாட்களில் ஃபைசானுக்கென்றே தனி டப்பாவில் தேங்காய்ப்பால் சொதி கொடுத்தனுப்பிய மகராசி.

வீடு மாறி இங்கே வந்தது அவனுக்குத் தெரியாது. தாரணி தான் காதலித்த வில்லியமைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, இரண்டு வருடமாக, இந்த அம்மா மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மட்டும் தெரியும். போன் போட்டாலும் எடுப்பதில்லை.

மயிலாப்பூர் முழுக்க இத்தனை வண்டிகள் இருக்க, செயலியில் முதலில் சேர்ப்பது பாஷா பாய் வண்டியைத்தான் என்று தாரணி ஏன் ஒற்றைக்காலில் நின்றாள் என்பது இப்போது புரிந்தது. புள்ளி நின்றால், அம்மா இன்றைக்கும் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

கிறுக்கி, என்னிடமாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? அவனுக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. பாசம்தான் ஒரு பிடி கூடுதலாக வந்தது.

பாஷா பாய் அவனைப் பார்த்துவிட்டார். தராசை வைத்துவிட்டு ஆட்டோ பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் இன்னா தம்பி பண்றது? கா கிலோ காய் பொறுக்க அஞ்சு நிமிசம் போதும். அதுக்கு மேல நிக்கச் சொல்லிக்கினு கீறதே அந்த அம்மாதான்."

"எதுக்கு பாய்?"

"நம்ம வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல தெரியும்னு அந்தம்மாகிட்ட ஒருநாள் பேச்சுவாக்குல சொல்லிட்டேன். யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்டுச்சு. ஊருக்கே தெரியும், இதைச் செஞ்ச தாரணிம்மாவுக்கும் தெரியும்னேன். அன்னிலேர்ந்து இந்தக் கூத்துதான்."

பாஷா பாய் திரும்பிப் போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். கிளம்பட்டுமா என்று கேட்டார்.

ஜன்னலுக்குள்ளிருந்து திருநெல்வேலிக் குரல் அவசரமாக வந்தது.

"இருய்யா. அவளுக்கு ஆயிரம் சோலி கெடக்கும். நெனச்ச ஒடனே போனைப் பாத்துர முடியுமா? இன்னும் அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போ."

ஃபைசான் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்தே, தள்ள வேண்டாம் என்று பாஷா பாய்க்குக் கைகாட்டினான்.