எதிர்க்கடைச் சம்பளம்

"அண்ணே, வர்ற திங்கக்கிழமையிலருந்து நான் வரல. எதிர்த்த கடையில கூப்பிட்டிருக்காங்க."

ஒரு பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே ஜெயபாரதி சொன்னாள். கருணாகரன் சட்டென்று காலண்டரைப் பார்த்தார். ஆடித் தள்ளுபடிக்கு இன்னும் எட்டே நாள். தி.நகர் உஸ்மான் சாலையில் இருக்கும் அந்த ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடிக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஆனால் மாடி ஓடுவது இவளால்.

கல்யாண ஜவுளி எடுக்கப் பதினைந்து பேர் திமுதிமுவென்று ஏறி வருவார்கள். ஜெயபாரதி மணப்பெண் பக்கமே போக மாட்டாள். பின்னால் உம்மென்று நிற்கும் மாப்பிள்ளையின் அக்கா யார் என்று கண்டுபிடித்து, அவள் முன்னால் முதல் புடவையை விரிப்பாள். அரை மணியில் பில். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கண்ணைக் கருணாகரன் பார்த்ததில்லை.

"இன்னாம்மா திடீர்னு? எவ்ளோ தர்றானாம்?"

"மாசம் மூவாயிரம் கூட. அப்புறம், கஸ்டமர் இல்லாத நேரத்துல உக்காந்துக்கலாமாம்."

"நம்மகிட்டயும்தான் ஸ்டூல் கீதே."

"இருக்குண்ணே. அதுல புடவைப் பெட்டியில்ல உக்காந்திருக்கு."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிய பதினோரு ஸ்டூல்கள் அவை. வந்த அன்றே பெட்டி அடுக்கத் தோதாகிவிட்டன.

கருணாகரன் குரலைத் தணித்தார். "சரி, உனக்கு மட்டும் ஒண்ணு காலி பண்ணித் தர்றேன். சம்பளமும் ஏத்தச் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு வுடாத."

"நான் உக்காந்துக்கிட்டு மத்த பத்துப் பேரும் நிக்கறத வேடிக்கை பாக்கணுமா? பன்னெண்டு மணி நேரம்ணே. தூக்கத்துல கூட கால் நின்னுட்டே இருக்கு. குடுத்தா பதினோரு பேருக்கும் குடுங்க, சம்பளத்தையும் சேத்து. இல்லன்னா திங்கக்கிழமை நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

குரல் ஏறவே இல்லை. புடவையை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

கருணாகரன் கீழே கல்லாவுக்கு ஓடி, அவள் கேட்டதைச் சொன்னார். முதலாளி தனபாலன் அசரவில்லை.

"போனாப் போட்டும்வே. தென்காசிக்கு ஒரு வேன் அனுப்பு, பத்துப் பிள்ளைக வரும்."

"வேன் காலியாத்தான் வரும் அண்ணாச்சி. போன வாட்டி ரெண்டே பேரு. மீதிப் பொண்ணுங்க அத்தினி பேரும் ஒரகடத்துல செல்போன் கம்பெனிக்குப் போவுது. பஸ்ஸு, சாப்பாடு, எட்டு மணி நேரம்தான் வேல. நம்மகிட்ட வந்து எவ நிப்பா?"

"சம்பளத்த விடு. பொம்பளப் பிள்ளைக உக்காந்திருந்தா, மரியாதை இல்லன்னு கஸ்டமர் எறங்கிப் போயிருவானே."

"நீங்க உக்காந்துகினுதானே காசு வாங்குறீங்க. இதுவரைக்கும் ஒருத்தனும் கோச்சிக்கினு போகலயே."

சொன்ன பிறகுதான் கருணாகரனுக்கு வியர்த்தது. தனபாலன் முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

"வாய் கூடிப் போச்சுவே ஒனக்கு. சரி, எதிர்த்த கடைக்காரன் குடுக்கான்னா நாம குடுக்காம இருந்தா அசிங்கம்லா? பதினோரு பேருக்கும் போடு."

மறுநாள் மதியம் மூன்று மணி. கூட்டம் இல்லை. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, இரண்டாம் மாடியில் பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கணுக்காலைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள். கருணாகரன் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நடந்தார்.

சாயங்காலம் டீக்கடையில் பாலகணேஷ் நின்றிருந்தான். எதிர்க்கடை சூப்பர்வைசர், கருணாகரனுக்குப் பழைய சிநேகிதன். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே டீ வாங்கினார்கள்.

"என் ஆளையே இழுக்கப் பாத்தியேடா," என்றார் கருணாகரன். "கூட்டாளியா நீ?"

"யாரு, நானா? எங்க கடையில ஆறு மாசமா ஆளே எடுக்கல. பண்றதயெல்லாம் பண்ணிட்டு என்னியக் கேக்குறியா? எங்க சிந்துவுக்கு மூவாயிரம் கூட, குந்திக்க ஸ்டூலுன்னு ஆச காட்டி வுட்டது நீதானே? அந்தப் பொண்ணு எல்லாருக்கும் குடுன்னு நின்னுடிச்சி. மொதலாளிகிட்ட நான் வாங்கின திட்டு எனக்குத்தான் தெரியும். பதினாலு பேருக்கும் ஏத்தியாச்சி."

கருணாகரன் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"இன்னா முழிக்கிற? நீ கூப்டலன்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே போயி மொதலாளிகிட்ட சொல்லி, அத்தினியும் கேன்சல் பண்ண வைக்கிறேன்."

கருணாகரன் யாரையும் கூப்பிடவில்லை. சிந்துவை அவர் பார்த்தது கூட இல்லை. நந்தனம் லேடீஸ் ஹாஸ்டலில் ஜெயபாரதியோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் பெண் என்று மட்டும் தெரியும்.

டீயை நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"ஆமாடா, நான்தான் கூப்ட்டேன்," என்றார். "இப்ப வந்தாலும் எடுத்துக்குவேன்."