பூச்சி எழுத்து

"அந்தம்மாவுக்கு டைப் அடிக்கத் தெரியலையா, இல்ல உன் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிச்சிருக்கா? எனக்கு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

அட்டைப்பெட்டி கம்பெனி முதலாளி போன்ல கத்தினதுல என் காது பத்து நிமிஷம் ரீங்காரம் போட்டுச்சு. அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரை எல்லாம் ரிப்பேர் பார்க்கறது நான்தான். அடிச்சுப் பிடிச்சு ஓடினேன்.

போனா, வாசல்ல முதலாளியோட புதுக் கார் மூக்கு நசுங்கி நிக்குது. லோடு வண்டி ரிவர்ஸ்ல வந்து ஒரு முத்தம் கொடுத்திருக்கு. கொடுத்த டிரைவர் ஆபீஸுக்குள்ள சுவரோட சுவரா ஒட்டி நிக்கறார். வீட்ல சம்பாதிக்கற ஆள் அவர் ஒருத்தர்தான்.

முதலாளி ஒரு பேப்பரை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். "இவனை வேலையை விட்டுத் தூக்கறேன்னு லெட்டர் அடிக்கச் சொன்னேன். இது நாலாவது தடவை. என்ன வந்திருக்குன்னு நீயே பாரு."

மேலே கம்பெனி பேர் மட்டும் ஒழுங்கா இருந்துச்சு. கீழே முழுக்க கொக்கி, சுழி, புள்ளி. எறும்புக் கூட்டம் மையில விழுந்து எழுந்து போன மாதிரி.

டைப்பிஸ்ட் அக்கா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "நான் சரியாத்தான் அடிக்கறேன் தம்பி. பிரிண்ட் எடுத்தா அதுவா இப்படி ஆயிடுது"ன்னாங்க.

அதுவா எப்படி ஆகும்? உட்கார்ந்து பார்த்தேன். அவங்க அடிக்கறது பழைய தமிழ் ஃபான்ட். ஃபான்ட் லிஸ்ட்ல வேற எதையாவது தொட்டா போதும், எழுத்து மொத்தமும் பூச்சியாயிடும். லிஸ்ட்டைத் திறந்தா கொரியன், அரபி, தாய், ஹீப்ரு, என் வாயில பேரே நுழையாத இன்னும் நாற்பது. கம்ப்யூட்டர் வரும்போதே கூட வந்து குடியேறினதுங்க. நாம கேட்டோமா? அட்டைப்பெட்டி செய்யற இடத்துல கொரியன் எதுக்கு? 'இந்தப் பக்கம் மேலே'ன்னு தமிழ்ல எழுதினாலே இங்க பாதிப் பேர் தலைகீழாத்தான் அடுக்கறாங்க.

"அக்கா, கை தவறி இதுல ஒண்ணைத் தட்டிடறீங்க. எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

அக்கா முகம் ஒரு மாதிரி ஆச்சு. "எதுக்கு தம்பி? அதுங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

எனக்கு எரிச்சலா வந்துச்சு. பண்ற தப்புக்கு ஒரு சாக்கு வேணும், அந்தச் சாக்கைப் பிடுங்கினா முகம் தொங்கிடும். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! ஒண்ணு விடாம அழிச்சேன்.

"இப்ப பிரிண்ட் கொடுங்க."

அக்கா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நானே தட்டினேன். லெட்டர் பளிச்சுனு வந்துச்சு.

முதலாளி வாங்கிப் படிச்சார். அவர் முகமும் தொங்கிடுச்சு.

"என்னய்யா, தெளிவா வந்திருக்கு?"

"சரி பண்ணிட்டேங்க."

"கையெழுத்துப் போடலாம்னா, இந்தப் பேனா எழுதலை."

என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

"கடைசி வரியில ஏதோ எழுத்துப்பிழை இருக்கற மாதிரி..."

"இல்லைங்க, நானே ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

அவர் என்னை முறைச்சார். அப்புறம் டிரைவரையும் அக்காவையும் வெளிய நிக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"யோவ்," குரல் கிசுகிசுன்னு இறங்கிடுச்சு, "அந்தப் பூச்சியெல்லாம் எங்கய்யா?"

"அழிச்சுட்டேங்க."

"திரும்பக் கொண்டு வா."

"எதுக்குங்க?"

"எனக்குக் கோபம் வந்தா 'அடி லெட்டரை'ன்னு கத்திடுவேன். அரை மணி நேரத்துல அடங்கிடும். அதுக்காக, எல்லார் முன்னாடியும் சொன்னதை நானே எப்படி வாபஸ் வாங்கறது? உன்னைக் கத்திக் கூப்பிட்டதும் இவங்க பார்க்கத்தான், நீ நிஜமாவே சரி பண்ணிடுவேன்னு யாருய்யா கண்டா? அந்தம்மா வேணும்னேதான் ஃபான்ட்டை மாத்துது, அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ங்கறது அதுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. சீக்கிரம் ஆகட்டும்."

நல்லவேளை, அழிச்சதெல்லாம் கம்ப்யூட்டரோட குப்பைத்தொட்டியிலதான் கிடந்துச்சு. அஞ்சே நிமிஷத்துல கொரியன்லேர்ந்து ஹீப்ரு வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வெச்சேன்.

முதலாளி கதவைத் திறந்து பழைய குரலுக்கு வந்தார். "சீல் வைக்க இடமே இல்லை. கொஞ்சம் மேலே தள்ளி இன்னொண்ணு அடிங்கம்மா."

அக்கா உட்கார்ந்தாங்க. லிஸ்ட்டைத் திறந்ததும் அவங்க முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிரிண்டர் ஒரு பக்கம் பூச்சியைத் துப்பிச்சு.

"மறுபடியுமா?" முதலாளி மேஜையில ஒரு தட்டு தட்டினார். டிரைவர் பக்கம் திரும்பி, "லெட்டர் வர்ற வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நிப்பியா? போய் லோடு ஏத்து"ன்னு விரட்டினார். அந்தக் கணமே டிரைவரைக் காணோம். முதலாளியும் அந்தத் தெளிவான லெட்டரைக் கசக்கிப் பாக்கெட்ல திணிச்சுக்கிட்டு வெளிய போனார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. "அக்கா, உங்க குட்டு தெரிஞ்சுபோச்சு. இதுவரைக்கும் எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கீங்க?"

"மெதுவா பேசுங்க தம்பி. அவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். இந்த வருஷம் ஆறு பேர்."

"எல்லாரும் டிரைவர், பேக்கிங் ஆளுங்கதானே?"

"அதுல அஞ்சு பேர் அவங்க." அக்கா கண்ணாடியை மாட்டிக்கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "போன மாசம் மூணு நாள் கம்ப்யூட்டரைப் படுக்கப் போட்டுட்டீங்களே, அப்ப 'இந்த மெக்கானிக் இனிமே இங்க காலை வைக்கக் கூடாது'ன்னு ஒரு லெட்டர் அடிச்சேன். கொரியன்ல."