யோகம்மாவின் பெருவிரல்

"உங்கள் ஆட்களின் தோலுக்கு இந்த மருந்து ஒத்துவரவில்லை, சாரங்கி. நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்."

டொக்ரர் கிர்ஸ்டன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். சலரோகம் என்கிற நீரிழிவால் காலில் வந்து ஆறாத புண்ணுக்கு, டென்மார்க்கின் ஓகூஸ் ஆஸ்பத்திரியில் புது மருந்தொன்றைப் பரிசோதிக்கிறார்கள். மொத்தம் இருபத்தாறு பேர். டேனிஷ்காரர் இருபத்தொரு பேருக்கும் புண் மூடிக்கொண்டு வருகிறது. மிச்சம் ஐந்து பேரும் தமிழர். எட்டுக் கிழமையாகி, இரண்டு மாதம் போயும் அவர்களில் ஒருவருக்காவது ஒரு நூலளவு மூடவேண்டுமே, ஊகூம்!

"அடுத்த கட்டத்தில் தமிழர்களைச் சேர்க்கமுடியாது. அவர்களில் யோகம்மாவின் கால் பெருவிரலையும் வெட்டி எடுக்கவேண்டிவரும். வந்திருக்கிறார், நீயே சொல்லிவிடு."

சாரங்கிக்கு முகம் சுண்டிப்போனது. இந்தப் பரிசோதனைக்கு அவள்தான் தாதி. இலங்கையில் சண்டையை நிறுத்தச்சொல்லி ஏப்ரலில் கொப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போன பஸ்ஸுக்குள் ஒவ்வொரு சீற்றாகப் போய்ப் பக்கத்தில் இருந்து, கெஞ்சிக் கூத்தாடி அந்த ஐந்து பேரையும் பிடித்தவளும் அவள்தான். இக்காஸ்ட் ஊர்த் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனுசிக்குப் பெருவிரல் போனால், அந்தப் பழி யார் தலையில்?

யோகம்மா லேசில் சம்மதித்தவளும் அல்ல. "ஆரோ ஒருத்தரின்ர உடம்பிலை எடுத்ததைக் கொண்டுவந்து என்ர காலிலை ஒட்டப்போறியே பிள்ளை?" என்று பஸ்ஸிலேயே மடக்கினாள்.

"ஒண்டும் ஒட்டமாட்டமக்கா. ஸ்டெம் செல் எண்டு ஒண்டை ஆய்வுகூடத்திலை வளர்க்கினம். அது விடுற நீரை மட்டும் வடிச்சுக் களிம்பிலை கலக்கினம். அந்த நீர் பட்டால் உங்கடை தோல் தானாய் எழும்பி வளரும்."

"அப்ப அது தான் நேரை வராது, சாமானை மட்டும் அனுப்பும். ஊருக்கு நாங்கள் அனுப்புறமாதிரி!"

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் ஐந்து பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

மருந்து தொடங்கிய அதே கிழமை ஊரில் சண்டை முடிந்தது. முடிந்த விதத்தை ஏன் கேட்பான்! யோகம்மாவின் தம்பியும் அவன் மனுசியும் உயிரோடு இல்லை. அவர்களின் ஏழு வயது மகள் நிலுஷா மட்டும் எரிகாயத்தோடு வவுனியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது. அந்தத் துக்கத்தில் ஐந்து பேரும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தால் புண் எப்படி ஆறும் என்று சாரங்கி தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மற்றப்படி மருந்து விஷயத்தில் ஐந்து பேரையும் ஒரு குறை சொல்லக்கூடாது. டேனிஷ்காரர் களிம்பு ரியூப்பைப் பாதியோடு திருப்பித் தருவார்கள். இவர்களோ ஒரு பொட்டு மிச்சமில்லாமல் நசுக்கித் தருவார்கள். "பிரிட்ஜிலை வைக்கிற மருந்தெல்லே, ஐஸ் பெட்டிக்கை வைச்சால் எத்தினை நாள் தாங்கும்?" என்றுகூட யோகம்மா கேட்டிருக்கிறாள். அவ்வளவு கவனம்! பிறகும் ஆறாவிட்டால் டொக்ரர் சொல்வதுதான் சரியோ? சாரங்கி தன் கையின் கறுத்த தோலைத் தானே ஒருதரம் தடவிப்பார்த்தாள்.

அறைக்குள் யோகம்மா கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி இருந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். உங்கட பெருவிரலை எடுக்கவேண்டி வருமாம்."

யோகம்மா குனிந்து காலைப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்கவில்லை. "சரி. எடுக்கிறதெண்டால் எடுக்கட்டும்."

"உங்கள் அஞ்சு பேருக்கும் மருந்தையும் நிப்பாட்டப் போகினம்."

இதற்குத்தான் அவள் பதறியடித்து எழும்பினாள். "ஐயோ, அதை மட்டும் நிப்பாட்ட விடாதை பிள்ளை! இன்னும் ரண்டு மாசத்துக்கெண்டாலும் தரச்சொல்லு. டொக்ரரிட்டை நான் வேணுமெண்டால் கும்பிட்டுக் கேக்கிறன்."

சாரங்கிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? விரல் போகுது எண்டுறன், மருந்தைத் தா எண்டுறியள். எட்டுக் கிழமையாய் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கட தோலிலை இது வேலை செய்யாதாம், அக்கா!"

"ஆர் சொன்னது? நல்லா வேலை செய்யுது!"

யோகம்மா கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். வவுனியாவில் ஒரு தாதி எடுத்து அனுப்பிய படம். ஆஸ்பத்திரிக் கட்டிலொன்றில் ஐந்து சின்னஞ்சிறுசுகள் வரிசையாக இருந்தன. எரிந்த இடங்களில் எல்லாம் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்.

"கோவிக்காதை பிள்ளை. நாங்கள் ஒருத்தரும் எங்கட காலிலை ஒரு துளியும் வைக்கேல்லை. சின்னப் போத்தலுக்கை பிதுக்கி, கொழும்புக்குப் போறவையிட்டை ஐஸ் பெட்டியிலை வைச்சுக் குடுத்துவிட்டனாங்கள்." யோகம்மாவின் விரல் படத்தின் மேல் ஊர்ந்தது. "இந்தப் பொடியன்ர முழங்கை, எங்கள் அஞ்சு பேரிலை குலேந்திரனுக்கு நீ தந்த மருந்து. இந்தக் கழுத்து, பாலேந்திராவுக்குத் தந்தது. இந்த ரண்டும் மேரிசெலினுக்கும் யோசேப்புக்கும் தந்தது."

கடைசியில் இருந்த சிறுமி, கமெராவுக்குத் தன் உள்ளங்கையை அகல விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எங்கட நிலுஷா," என்றாள் யோகம்மா. "இதுதான் பிள்ளை என்ர பெருவிரல்."