ஒற்றைக் கை ஆசீர்வாதம்

பர்மா யுத்தத்திலிருந்து திரும்பி வாத்தியாராகி, பிறகு மெதடிஸ்த போதகராகவும் ஆன நல்லதம்பி, ஆராதனை முடிவில் மற்றப் போதகர்கள் போல இரண்டு கைகளையும் உயர்த்தாமல், ஒற்றைக் கையை உயர்த்தித்தான் ஆசீர்வாதம் சொல்வார். மற்றக் கைக்குச் சபையார் தங்கள் ஊகத்தில் ஒரு குண்டுக்காயம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கையாலும் அவர் நெல் மூட்டை தூக்குவதை மனைவி நேசமலர் பார்த்திருக்கிறாள். வகுப்பிலும் விடை தெரிந்த பிள்ளைகள் எழும்பி நிற்க வேண்டும். கை உயர்த்தக் கூடாது. ஏனென்று ஒருநாள் கேட்டாள். "காட்டுக்குள்ள இருந்து ஒருத்தன் ரெண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வந்தவன்" என்றார். பிறகு, துப்பாக்கி விசையை அழுத்துவதுபோல் சுட்டுவிரலை மடக்கினார்.

இன்று, நடக்கத் தொடங்கிய மகள் தத்தித் தத்தி வந்து அவர் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவர் அசையவில்லை.

"தூக்குங்கோவன், பிள்ளை கேக்குதெல்லோ" என்றாள் நேசமலர்.

அவர் முழந்தாளிட்டார். பிறகு மெதுவாகத் தன் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.