மஞ்சள் ஸ்டாப்வாட்ச் யாருடையது?

"இது யாருதுடா?"

பெஞ்சுக்கு அடியில் கிடந்த மஞ்சள் ஸ்டாப்வாட்சை மிக் உயரத் தூக்கிக் காட்டினான். பயிற்சி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்த வாரிங்கா கால்பந்து அணி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

டார்சி தன் பையைப் பார்த்தான். ஜிப் திறந்து கிடந்தது.

உறவின்போது சீக்கிரமே விந்து வெளியேறிவிடும் ஆண்களுக்காக, ஊர் மருத்துவமனையில் ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் பார்த்துக் குறிக்க, மனைவியிடம் இந்த மஞ்சள் கடிகாரத்தைத்தான் கொடுப்பார்கள். அதன் படம் போட்ட விளம்பரம் கிளப் கழிப்பறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஆள் சேராததால் ஆய்வையே நிறுத்தப் போவதாகப் பேச்சு.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா. சீக்கிரம்தான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே," என்றான் மிக்.

கூரை அதிரச் சிரித்தார்கள். டார்சியும் சிரித்து வைத்தான்.

அவனும் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தான். அவனுக்குக் கிடைப்பது மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்று தெரியாது. ஆனால், சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்துக்கொண்டிருந்த மனைவி ப்ரீ இப்போதுதான் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தாள். மருத்துவமனைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்லி அவள்தான் கடிகாரத்தைப் பையில் வைத்தாள். பெயர் வெளியே வந்தால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. நாளைக்கே ஆய்விலிருந்து விலகிவிடுவது என்று முடிவு செய்தான்.

கேப்டன் ஹாக்கன் துண்டைத் தோளில் போட்டபடி எழுந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம்.

"என்னுதுதான். கொடு இப்படி."

சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னடா பாக்கறீங்க? முட்டி வலின்னா மாத்திரை போடறோம்ல? இதுவும் அப்படித்தான்," என்றவர், கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டார்சி விலகவில்லை. அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போனால் உட்கார இடமில்லை. ஆய்வுக்கு வேண்டிய ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம். மூலையில் ஒருவன் மீன்பிடிப் பத்திரிகையால் முகத்தை மறைத்திருந்தான். பூட்ஸைப் பார்த்ததுமே தெரிந்தது, மிக்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் டார்சி கேப்டனின் வண்டிக்குப் போனான்.

"கேப்டன், அந்த வாட்ச் என்னுது. எனக்காகப் பொய் சொல்லி, எல்லாரோட கிண்டலையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

ஹாக்கன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். டேஷ்போர்டைத் திறந்தார். உள்ளே இரண்டு மஞ்சள் ஸ்டாப்வாட்ச்.

"உன்னுதா அது? அதானே பார்த்தேன், வீட்டுக்குப் போனா என்னுது கட்டில் பக்கத்துலயே கிடக்கு!"