சாலமன் போட்ட முனை

"உங்க ரிப்பேர் ஒரு வாரம்கூடத் தாங்கல, சாலமன்."

வேதநாயகி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மரப்பலகையில் சூட்டால் எழுதுகிற மின்சாரப் பேனா அது. நுனியில் நிமிர்ந்து நிற்கவேண்டிய கம்பி முனை, பஸ்ஸில் தூங்குகிறவன் தலைபோலப் பக்கவாட்டில் தொங்கியது.

சாலமனின் முகம் சுண்டிப்போயிற்று. விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்சந்தில் அவர் கடை. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் பார்ப்பார் என்றாலும், அவருக்குப் பேர் வாங்கித் தந்தது இந்தப் பேனாக்கள்தான். அடுத்த தெருவில் ஜெனிஃபர் நடத்தும் வகுப்பில் முப்பது பேர் மரத்தில் படம் சுடக் கற்கிறார்கள். முனை வளைந்தாலும், கரி பிடித்தாலும் அத்தனை பேரும் சாலமனிடம்தான் வருவார்கள். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் பாறை துளைக்கும் கம்பிகளுக்கு முனை தீட்டியவர். "முனை எங்க ரத்தத்துலயே இருக்கு மேடம்" என்று வேதநாயகியிடம் முதல் நாளே பெருமை பேசியிருந்தார். இப்போது அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. இது நான்காவது தடவை.

"எந்த மரத்துல எழுதுறீங்க மேடம்?"

"அதெல்லாம் எதுக்கு? ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு எழுத்து. அவ்வளவுதான்."

விற்கிறீர்களா என்று சாலமன் கேட்டார். எங்கே விற்பது, அன்றன்றைக்கு வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது என்றார் அந்த அம்மாள்.

சாலமன் பித்தளை பிரஷ்ஷால் முனையைத் தேய்த்தார். வந்த கரி மரக்கரி மாதிரி இல்லை, பிசுபிசுவென்று இருந்தது. துடைத்துப் போட்ட துணியை ஐந்து நிமிஷத்தில் எறும்பு மொய்த்தது. முனையை அழுத்தாதீர்கள், சூடு தானாக எழுதட்டும், கரி சேரச் சேரத் துடைத்துவிடுங்கள், ஆறினபிறகு எடுத்து வையுங்கள் என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். எல்லாமே அப்படித்தான் செய்கிறேன் என்றார் வேதநாயகி. பெயிண்ட் கரைக்கிற தின்னர் மட்டும் போட்டுத் துடைக்கவேண்டாம், எந்த வாசனையும் தங்கக்கூடாது என்றும் சொன்னார்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். "இன்னொரு தடவை வளைஞ்சா ஜெனிஃபர்கிட்ட சொல்லவேண்டிவரும். தப்பா நினைக்காதீங்க."

சாலமன் இரண்டு மடங்கு தடிமனான கம்பியை வெட்டி, வளைத்து, புதிதாகவே ஒரு முனை செய்து பொருத்தி, மறுநாள் அந்த அம்மாள் வந்தபோது கொடுத்தார். யானை மிதித்தாலும் அது வளையாது என்று மனைவி ஞானம்மாளிடம் சொன்னார்.

ஆறாம் நாள் போன் வந்தது. வளைந்துவிட்டது.

பொறுக்கமாட்டாமல், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு சாலமன் மல்லேஸ்வரத்துக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் யோசனை எங்கெங்கோ போயிற்று. மரத்தின் பெயரைச் சொல்லமாட்டேன் என்கிறார். எறும்பு மொய்க்கிறது. எழுத்துகளைச் சுட்டுக் குறி வைக்கிறார். சரக்கோ அன்றன்றைக்கே காலியாகிறது. திருட்டுச் சந்தனக்கட்டையாக இருக்குமோ? இறங்குவதற்குள், முனைக்கு மட்டும்தான் நான் பொறுப்பு, மரத்துக்கு இல்லை என்று போலீஸிடம் சொல்லவேண்டிய வாக்குமூலத்தைக் கன்னடத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்.

வேதநாயகியின் வீட்டில் ஒரு மரத்துண்டுகூட இல்லை. கணவர் மஞ்சுநாத், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காபியைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் உள்ளே நழுவினார். வேதநாயகி கொஞ்சம் தயங்கிவிட்டு, சாலமனை நேரே சமையலறைக்கு அழைத்துப் போனார்.

தட்டில் ஆவி பறக்கப் பத்துச் சப்பாத்திகள் இருந்தன.

"இதுலதான் எழுதுறேன். வெளியில எப்படிச் சொல்றது?"

மஞ்சுநாத்துக்குச் சர்க்கரை. அதனால் அவருக்கு உள்ளே பாகற்காய் வைத்த சப்பாத்தி. பொம்மசந்திராவில் கம்பெனி வேலை முடித்துப் பசியோடு வரும் மகன் பாலகுமாருக்கு உருளைக்கிழங்கும் வெல்லமும் நெய்யுமாக வைத்தது. சுட்டு எடுத்தபிறகு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 'தெரியாமல்' மஞ்சுநாத் தினமும் மகனுடையதையே தின்றுவிடுவார். ஜெனிஃபர் வகுப்பில் கற்ற வித்தை அங்கேதான் கைகொடுத்தது. அப்பாவுக்கு 'ம', மகனுக்கு 'ப'. பேனா படுத்துவிட்டால் அந்த ஒரு நாள் மறுபடி 'தெரியாமல்' நடந்துவிடுகிறது.

சாலமன் உட்கார்ந்து முனையை நிமிர்த்தி, திருகுகளை இறுக்கி, கரியைச் சுரண்டிக் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரு 'ம' எழுதியதைக் கண் கொட்டாமல் கவனித்தார். அழுத்தவே இல்லை. பூவைத் தொடுவதுபோல் தொட்டார். மிருதுவான சப்பாத்தியில் இப்படி எழுதினால் முனை நூறு வருஷம் வரவேண்டும். அப்படியானால் குற்றம் யாருடையது? அப்பா பேரைக் கெடுத்துவிட்டோமே என்று சாலமன் கருவிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டார்.

"தப்பு என்னுதுதான் மேடம். வேற நல்ல ஆளாப் பாருங்க. ஜெனிஃபர்கிட்ட நானே சொல்லிடுறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. மஞ்சுநாத். கேட்டைத் தாண்டியதும் அவர் வீட்டுப் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சாலமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசு விடாதீங்க சாலமன், உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. இனிமே மட்டும் கொஞ்சம் மெலிசான கம்பியாப் போடுங்க. முதல் தடவை விரலாலயே வளைஞ்சுது, அப்புறம் இடுக்கி தேவைப்பட்டுச்சு, இந்தத் தடவை கதவு இடுக்குல வெச்சு நசுக்கியும் அசையாம, கடைக்குப் போய்ச் சுத்தியலே வாங்க வேண்டியதாப் போச்சு."